எழுவைதீவின் இருப்புக் கணக்கு



அமெரிக்க நாட்டிலும் கனடாவிலும் ஒருவகை வீட்டுவண்டி உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் பேருந்து போலிருக்கும்; உள்ளே படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, குளியலறை எல்லாம் அடங்கியிருக்கும். விடுமுறைக் காலத்தில் குடும்பத்தோடு அதில் ஏறிப் புறப்படுபவர்கள், வழியிலுள்ள தங்குமிடங்களில் வண்டியை நிறுத்தி, அங்குள்ள மின்கம்பியையும் தண்ணீர்க் குழாயையும் கழிவுக் குழாயையும் வண்டியோடு தொடுத்துக்கொள்வார்கள். அவ்வாறு தொடுக்காமல், காட்டோரத்திலோ பாலை வெளியிலோ நிறுத்தி, கையிருப்பைக் கொண்டே நாட்களைக் கழிப்பதில் இன்பங் காண்பவர்களும் அங்கே பலர். அத்தகையோர் ஒருவரை ஒருவர் சந்திக்கும்போது தவறாமல் எழும் கேள்வி ஒன்றுண்டு: தொடுப்பு எதுவும் இன்றி எத்தனை நாள் தாக்குப் பிடிக்கலாம்?

இதே கேள்வியை நம் கடலுக்கு எடுத்து வந்து, யாழ்ப்பாணத்துத் தீவுகளுள் ஒன்றான எழுவைதீவில் வைத்துக் கேட்டுப் பார்க்க விரும்புகின்றேன். வண்டிக்காரருக்கு அது பொழுதுபோக்குக் கேள்வி. எழுவைதீவாருக்கோ அது குடியிருப்பின் கேள்வி.

முதலில் வண்டியின் கணக்கைப் பார்த்துவிடுவோம். பின்னர் தீவின் கணக்கு எளிதில் விளங்கும். நடுத்தரமான ஒரு வண்டியில் 150 லீற்றர் நன்னீர் கொள்ளும் தொட்டி இருக்கிறதென்று கொள்வோம். இருவர் பயணஞ் செய்கின்றனர். குளியலையும் பாத்திரங் கழுவுவதையும் சுருக்கி, ஆளுக்கு 20 லீற்றரோடு அமைந்தாலும் நான்காம் நாள் முடிவதற்குள் தொட்டி வெறுமையாகிவிடும். குளியலை அறவே விட்டு ஆளுக்கு 8 லீற்றரென்று இறுக்கிப் பிடித்தால் ஒன்பது நாள் செல்லும். மின்சாரத்தின் நிலை வேறு. 12 வோல்ற்று, 100 அம்பியர்மணி என்று குறிக்கப்பட்ட ஒரு பற்றரியில் ஓர் அலகுக்குச் சற்று மேலான மின்சாரமே அடங்கும். அஃது ஈயப் பற்றரியானால் அதிலும் பாதியைத்தான் எடுக்கலாம். மிஞ்சி எடுத்தால் பற்றரியின் ஆயுள் குன்றும். ஒரு விசிறியும் இரண்டு விளக்கும் ஒரே இரவில் அதைத் தீர்த்துவிடக்கூடும். ஆயினும் கூரையில் இரண்டு சூரியத் தகடுகள் இருப்பின், மறுநாள் மாலைக்குள் பற்றரி மீண்டும் நிறைந்துவிடும். தண்ணீர்த் தொட்டியை நிறைக்க எந்தச் சூரியனும் உதவாது.

மூன்றாவது பொருள் ஒன்றுண்டு. விளம்பரப் படங்களில் அதைக் காட்டமாட்டார்கள். அதுதான் கழிவுத் தொட்டி. உள்ளே வந்த தண்ணீர் எங்கேயாவது போக வேண்டுமன்றோ? நன்னீர் எஞ்சியிருக்கும்போதே கழிவுத் தொட்டி நிரம்பி, அதனாலேயே முகாமைக் கலைத்துப் புறப்பட்டவர்கள் உளர். அமெரிக்கக் கூட்டரசின் நில முகாமைப் பணியகம், தன் திறந்த நிலங்களில் பொதுவாக 28 நாட்களுள் 14 நாட்களுக்கு மேல் ஒரே இடத்தில் தங்கலாகாதென்று விதித்திருக்கிறது. ஆனால் பெரும்பாலான வண்டிகளை இந்தச் சட்டம் அசைப்பதற்கு முன்பே தொட்டிகள் அசைத்துவிடுகின்றன.

இத்தகைய முகாம் நமக்குப் புதிதென்று எண்ணவேண்டா. கச்சதீவை எடுத்துக்கொள்ளுங்கள். 285 ஏக்கர் பரப்பு. நிரந்தரக் குடியிருப்பு இல்லை. குடிக்கத்தக்க தண்ணீரும் இல்லை. ஆண்டுதோறும் மாசி, பங்குனியை அண்டிய தவக்காலத்தில், அங்குள்ள அந்தோனியார் ஆலயத்துத் திருவிழாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் இராமேசுவரத்திலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் படகுகளிற் செல்கின்றனர். முதல்நாள் மாலைக் கொடியேற்றம், இரவு தங்கல், மறுநாட் காலைத் திருப்பலி. அவ்வளவில் தீவு மீண்டும் வெறுமையாகும். குடிநீர் முழுவதும் வெளியிலிருந்தே கொண்டு செல்லப்படுகிறது. இலங்கைக் கடற்படை அந்தப் பணியைச் செய்கிறது. பக்தி எத்துணை மிகுந்தாலும் மூன்றாம் நாளைக்கு அங்கே தங்க இயலாது. கொண்டுபோன தண்ணீரே அங்கு தங்கலின் அளவு.

எழுவைதீவு கச்சதீவைப் போன்றதன்று. ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிச் செல்லவேண்டிய சிறு தீவு அது; பரப்பு ஏறக்குறைய ஒன்றரைச் சதுர கிலோமீற்றர். பனையும் கடலும் சூழச் சில நூறு பேர் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். ஊர்காவற்றுறைக்கும் புங்குடுதீவுக்கும் காரைநகருக்கும் தாம்போதிகள் உண்டு. அவற்றின் வழியே மின்கம்பியும் சென்றுவிட்டது. எழுவைதீவுக்கு மண்பாலமும் இல்லை, பெருநிலத்து மின்கம்பியும் இல்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியனவும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. தொடுப்பில்லாத வண்டியின் இலக்கணம் இத்தீவுகளுக்கு முற்றிலும் பொருந்தும். வண்டிக்குச் சில்லு உண்டு, தீவுக்கு இல்லை என்பதே வேற்றுமை. தண்ணீர் தீர்ந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு போகலாம். தீவை எங்கே ஓட்டுவது?

நெடுங்காலமாக எழுவைதீவுக்கு வெளிச்சந் தந்தது டீசல் மின்பிறப்பாக்கி. டீசல் படகில் வரவேண்டும். கடல் கொந்தளித்தால் படகு தாமதிக்கும். 2022ஆம் ஆண்டில் இலங்கை முழுவதையும் எரிபொருள் தட்டுப்பாடு வாட்டியபோது, வடபகுதி மீனவர்கள் மண்ணெண்ணெய்க்காக வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. எண்ணெயை மட்டும் நம்பிய இடத்தின் இருப்பு எத்தனை நாளென்பதை அந்த ஆண்டு எல்லோருக்குமே கற்பித்தது.

நல்வாய்ப்பாக, அதற்குச் சில ஆண்டுகள் முன்பே எழுவைதீவில் வேறொரு முறை அமைந்துவிட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு இலங்கை மின்சார சபை அங்கே ஒரு கலப்பு மின்னமைப்பை நிறுவியது. சுமார் 46 கிலோவாற்றுச் சூரியத் தகடுகள், சுமார் 20 கிலோவாற்றுச் சிறு காற்றாலைகள், இலிதியம் பற்றரி அடுக்கு, இவற்றுக்குத் துணையாக ஒரு டீசல் மின்பிறப்பாக்கி என்பன அதன் உறுப்புகள். சூரியனும் காற்றும் இத்தீவுகளில் ஒன்றுக்கொன்று கைகொடுப்பவை. வைகாசி தொடங்கி ஆவணி கடந்தும் சோளகக் காற்று ஓயாது வீசும். மார்கழி, தையில் வாடைக் காற்று வரும். இடையே பங்குனி, சித்திரையில் காற்று அடங்கிக் கிடக்கும். அப்போது வெயில் சுட்டெரிக்கும். இரண்டும் ஒருங்கே சோர்வது மேகம் மூடிய மாரிக்காலத்துச் சில நாட்களில்தான். அந்நாட்களுக்காகவே டீசல் காத்திருக்கிறது.

இந்த அமைப்பின் இருப்பு எத்துணை? தெளிந்த வெயிலில் 46 கிலோவாற்றுத் தகடுகள் ஒரு பகலில் 200 அலகு அளவு மின்சாரந் தரும். பற்றரி அடுக்கிற் கொள்ளுவது நூற்றுச் சொச்சம் அலகு. நூறு வீடுகள் மாலை தொடங்கி விடியும்வரை வீட்டுக்கு ஓர் அலகு எடுப்பதாகக் கணக்கிடுங்கள். ஒரே இரவில் அடுக்கு முடிந்தது. ஆம், நேயர்களே, ஒரு தீவு முழுவதற்குமான மின்சாரக் கையிருப்பு ஓர் இரவுக்குரியது. இதைக் கேட்டு யாரும் திகைக்க வேண்டுவதில்லை. மறுநாள் சூரியன் உதிக்கும், காற்று வீசும், அடுக்கு மீண்டும் நிறையும். ஒவ்வொரு நாளும் நிறையும் பாத்திரம் சிறிதாயிருப்பதால் பெருந் தீங்கில்லை.

தீங்கு வேறோர் இடத்தில் இருக்கிறது. அதை அறிய நாம் நிலத்துக்கடியிற் செல்லவேண்டும்.

யாழ்ப்பாணத்தையும் அதன் தீவுகளையும் தாங்குவது சுண்ணக்கல். வெடிப்பும் பொந்தும் நிறைந்த கல் அது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரிமழை அந்த வெடிப்புகளின் வழியே இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் இலேசானது, உப்புநீர் கனமானது. ஆதலின் எண்ணெய் தண்ணீரின்மேல் நிற்பதுபோல நன்னீர் நடுவில் தடித்தும் கரையோரத்தில் மெலிந்தும் ஒரு வில்லையாகக் கிடக்கின்றது. இதன் அளவை முதலில் வகுத்துச் சொன்னவர்களுள் ஒருவர் ஒல்லாந்துப் படைப் பொறியியலாளர் பாடன் கைபென். மற்றவர் செருமானியரான ஏர்சுபேர்க்கு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இருவரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தனர். ஏர்சுபேர்க்கு ஆராய்ந்ததும் வடகடலின் தீவுகளையே. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்குக் கிணற்றுநீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது அவர்கள் கண்ட விதி. கேட்பதற்கு இனிய விதிதான். அதைத் திருப்பிப் படித்தால் இனிமை குறையும்: இறைத்து இறைத்து நீர்மட்டத்தை ஓரடி தாழ்த்தி வைத்தால், அடியிலிருந்து உப்பு நாற்பதடி மேலேற முயலும். சிறு தீவிலோ அவ்வளவு ஆழத்துக்கு வில்லை இருப்பதேயில்லை.

மழை போதாது என்று சொல்லுதலும் சரியாகாது. ஒன்றரைச் சதுர கிலோமீற்றர் நிலத்தில் ஓராண்டில் ஒரு மீற்றர் மழை பெய்ததாகக் கொண்டால், விழுவது 15 இலட்சம் கனமீற்றர் தண்ணீர். சில நூறு பேருக்கு அதிற் பத்திலொரு பங்குகூட வேண்டியதில்லை. ஆனால் பெரும்பகுதி வெயிலில் ஆவியாகும். ஒரு பகுதி நேரே கடலுக்கு ஓடும். நிலத்துள் இறங்கியதும் ஓய்ந்திராமல், கரையை நோக்கிக் கசிந்துகொண்டேயிருக்கும். ஆகவே, மார்கழியில் நிறைந்த இருப்பு ஆவணியில் மெலிந்து நிற்பது இயல்பு. பற்றரி ஒவ்வொரு நாளும் நிறைகின்றது. இந்த வில்லை ஆண்டுக்கொருமுறையே நிறைகின்றது. எழுவைதீவு எத்தனை நாள் தாக்குப் பிடிக்கும் என்று கேட்டால், விடை மின்னமைப்பின் அறையிலே கிடையாது, கிணற்றடியிலேதான் கிடைக்கும்.

நம் முன்னோருக்கு இந்த விதிகள் ஏட்டில் எழுதித் தெரியாவிடினும் கையிற் பழகித் தெரிந்திருந்தன. கரையோர மணலிற் பூவல் தோண்டுபவர் ஆழத் தோண்டமாட்டார். ஆழம் போனால் சவர் வருமென்று அறிவார். துலாக் கிணற்றிலோ இறைக்கும் அளவைத் துலாவும் தோளும் தீர்மானித்தன. மனிதன் களைத்தான், இறைப்பும் நின்றது, அந்த ஓய்வில் கிணறு ஊறியது. களைப்பே அங்கு ஒரு காவற்காரனாக நின்றது எனலாம்.

மின்சாரம் வந்ததும் அந்தக் காவற்காரன் வேலையிழந்தான். அரைக் குதிரைவலுப் பம்பு ஒன்று ஒரு மணிநேரம் ஓடினால் அரை அலகுக்கும் குறைவாகவே மின்சாரந் தின்னும். ஆழமற்ற கிணற்றிலிருந்து ஆயிரத்தைந்நூறு லீற்றருக்கு மேல் அது தண்ணீரை ஏற்றித் தரும். பொத்தானை அமுக்கிவிட்டு மறந்து போகலாம். பம்புக்குத் தோள் நோவதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1950களிலிருந்து இறைப்பு இயந்திரங்கள் பெருகியபின், கரையை அண்டிய கிணறுகள் சில உவர்த்துப் போன கதையை விவசாயிகள் அறிவர். குடாநாடு பெரியது, ஓரூர்க் கிணறு உவர்த்தால் அயலூரிற் சென்று அள்ளலாம். எழுவைதீவுக்கு அயலூர் கடலுக்கு அப்பாலிருக்கிறது.

வீட்டுவண்டியின் மூன்றாம் தொட்டியை, அதாவது கழிவுத் தொட்டியை, இங்கே மறுபடியும் நினைவூட்ட விரும்புகின்றேன். தீவுக்கு அப்படியொரு தனித் தொட்டி கிடையாது. மலகூடக் குழியும் கிணறும் ஒரே சுண்ணக்கல்லில் வெட்டப்பட்டவை. குழியிற் போனது வெடிப்பு வழியே கிணற்றை நாடும். யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதற்கு விவசாய உரத்தோடு மலகூடக் குழிகளும் காரணமென்று ஆய்வாளர்கள் பல்லாண்டாகச் சொல்லி வருகின்றனர். எண்ணெய்க்கும் இதே வழி திறந்திருக்கிறது. சுன்னாகத்தில் மின்னிலையச் சூழலிலிருந்து கசிந்த எண்ணெய் அயற் கிணறுகளைக் கெடுத்த வழக்கில், 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் இழப்பீடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது. தீவில் டீசற் பீப்பாய்களை வைக்கும் இடத்துக்குக் கீழே சீமெந்துத் தளமும் சுற்றுவரம்பும் இருக்கின்றனவா என்பது, விளக்கு எரிகிறதா என்பதற்கு எவ்வகையிலும் தாழ்ந்த கேள்வியாகாது.

அங்ஙனமாயின் மின்சாரம் தண்ணீருக்குப் பகையோ என்று நீங்கள் வினவலாம். பகையாகவும் ஆகலாம், நட்பாகவும் ஆகலாம். கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் இயந்திரங்கள் இன்று நமக்குப் புதுமையல்ல. குடாநாட்டில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் தரத்தக்க நிலையம் 2024 ஆகத்தில் திறக்கப்பட்டது. அத்தகைய பெரு நிலையங்களில் ஆயிரம் லீற்றருக்கு மூன்று நான்கு அலகு மின்சாரஞ் செல்லும். சிறு இயந்திரங்களில் அதனினும் இரண்டு மூன்று மடங்கு செல்வதுண்டு. எனவே அரை அலகு மின்சாரத்தைக் கிணற்றுப் பம்புக்குக் கொடுத்தால் ஆயிரத்தைந்நூறு லீற்றர். அதே அரை அலகைச் சிறு கடல்நீர் இயந்திரத்துக்குக் கொடுத்தால் ஏறக்குறைய நாற்பது முதல் எண்பது லீற்றர்வரை. முன்னையது மலிவு, ஆனால் அதன் விலையில் ஒரு பகுதியைக் கிணறு பின்னால் வசூலிக்கும். பின்னையது விலை மிகுந்தது. ஆயினும் கணக்கு அன்றன்றே தீர்ந்துவிடும்.

இங்கே சூரிய மின்சாரத்தின் ஒரு சிறப்பு உதவிக்கு வருகிறது. பகல் பதினொரு மணியளவில் பற்றரி நிறைந்துவிட்ட பின்பும் தகடுகள் உழைத்துக்கொண்டேயிருக்கும். அந்த மின்சாரத்தை எடுப்பாரில்லையேல் அது வீணே. மதியம் வீணாகும் அந்த மின்சாரத்தைக் கொண்டு நன்னீர் செய்து தொட்டியிற் சேர்த்தால், பற்றரிக்குள் அடங்காததைத் தண்ணீராக அடைத்து வைத்ததாகும். தண்ணீர்த் தொட்டி பற்றரியை விட மிக மலிவானது; ஆயிரமுறை நிறைத்து வெறுமையாக்கினாலும் அதன் ஆயுள் குன்றாது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் இந்திய அரசின் நன்கொடையோடு கலப்பு மின்னமைப்பு நிறுவ 2022 மார்ச்சில் உடன்பாடும் 2024 மார்ச்சில் ஒப்பந்தமும் ஆயின. அத்திட்டத்தில் 1,700 கிலோவாற்றுச் சூரிய மின்சாரம், 530 கிலோவாற்றுக் காற்று மின்சாரம், 2,400 அலகு கொள்ளும் பற்றரி, துணைக்கு 2,500 கிலோவாற்று டீசல் என வகுத்திருக்கின்றனர். எழுவைதீவினும் பன்மடங்கு பெரிய ஏற்பாடு. இத்துணை மின்சாரம் தீவுக்குள் வரும்போது எத்தனை பம்புகள் கூடவே வரும் என்பதையும் அதே தாளில் யாராவது எழுதி வைப்பது நலம். பம்பை ஓட்டும் நேரத்தை ஊரே கூடி வரையறுப்பது கடினந்தான். என்றாலும் படகு நேரத்தை ஊரே ஏற்று நடக்கிறதே!

கூரை நீரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கணக்கு நிறைவடையாது. ஓட்டுக்கூரையோ தகரக்கூரையோ 50 சதுர மீற்றர் பரப்புள்ள வீடொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பனையோலைக் கூரை குளிர்ச்சி தரும். நீர் சேர்க்க உதவாது. ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர் தண்ணீராகும். சிந்துவதும் முதல் மழையின் அழுக்கு நீரும் ஐந்திலொரு பங்கென்று கழித்தாலும், 125 மில்லிமீற்றர் மழையில், அதாவது சுமார் ஐந்து அங்குலத்தில், 5,000 லீற்றர் தொட்டி நிறைந்துவிடும். நல்ல மாரியில் ஒரு வாரத்திலேயே அவ்வளவு பெய்துவிடும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் அந்நீரென்று ஒதுக்கி, ஆளுக்கு 5 லீற்றராக நால்வர் எடுத்தால் நாளொன்றுக்கு 20 லீற்றர். தொட்டி 250 நாளைக்குப் போதும். வண்டிக்காரரின் ஒன்பது நாளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்! நகரத்தில் விசிறிக்கடியில் அமர்ந்து தீவு வாழ்வின் எளிமையைப் புகழ்ந்து எழுதுவோர் பலர். இந்த 20 லீற்றரை நாள்தோறும் அளந்தெடுக்கும் இல்லத்தரசியின் எளிமை வேறு வகையானது.

குளிக்கவும் துவைக்கவும் கிணறு இருக்கிறது. சற்றுச் சவராயினும் பாதகமில்லை. குடிநீரைக் கிணற்றிலிருந்து விலக்கிவிட்டால், வில்லைக்கும் பாரங் குறையும். தைப்பொங்கலன்று நிறைந்து நிற்கும் தொட்டியிலிருந்து எண்ணத் தொடங்கினால், 250ஆம் நாள் புரட்டாசி பிறந்து நாலைந்து நாளில் வரும். சித்திரையில் இடிமழை ஒன்றிரண்டு பெய்தால் இன்னுஞ் சில நாள் நீளும். மாரி ஒழுங்காகக் கால்கொள்வது ஐப்பசியில். இடையிலுள்ள நாலு வாரத்துக்கு நால்வருக்கு வேண்டியது 560 லீற்றர். அதைக் கடல்நீர் இயந்திரம் தருமா, படகு தருமா, அயல்வீட்டுத் தொட்டி தருமா என்பதைப் புரட்டாசியில் வெறுங்குடத்தோடு நின்று யோசிப்பதினும், தொட்டி வழிந்தோடும் மார்கழியிலேயே இன்னொரு பீப்பாயை வாங்கிக் கூரைப்பீலியின் கீழே வைத்துவிடலாம்.